ஐந்து ரூபாய் இடைவெளி

அழுத்தாதீங்க, சுத்துங்க என்றாள் ஹெப்சிபா,
என் வலது முட்டியை இரு கையாலும் பிடித்தபடி.
நிமிஷத்துக்கு எழுபது சுற்றுக்குக் குறைந்தால்
முட்டி பேச ஆரம்பிக்கும்.

அதனால்தான் இது:
நகம் அளவுக்கு ஒரு காந்தம்,
பேரீச்சங்கொட்டை போல ஒரு சென்சார்,
அதிலிருந்து டிஸ்ப்ளே வரை கறுப்பு ஒயர்,
என் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு.
ஒயரே இல்லாத ரகத்துக்கு மாறிவிட்ட
முகப்பேர்ப் பையன் முந்நூற்றைம்பதுக்குக் கொடுத்தான்.
மாட்டுற விதம் தெரியுமா ஆன்ட்டி என்றான்.
தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு மதியம், வில்லிவாக்கம்.
இரண்டாம் மாடி நடைவழியில்
லிஃப்ட்டுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவே
சைக்கிளைச் சாய்த்து, பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்தேன்.
சங்கிலி இல்லாத இடப்பக்கம்.
பெடலைத் தாங்கும் கிராங்கின் உள்முகத்தில் காந்தம்.
பின்சக்கரத்துக்கு ஓடும் குழாயில் சென்சார்.
ஒன்றையொன்று கடக்கும்போது
நடுவே மூன்று மில்லிமீட்டர் வேண்டும்.
அந்தச் சந்தில் ஸ்கேலை எங்கே நுழைப்பது?

பழைய தடித்த ஐந்து ரூபாய்,
கேஷ் கவுண்டரில் பத்தொன்பது வருஷம்
பார்க்காமலே விரல் எண்ணிய கனம்,
அதை நடுவில் நிறுத்தி
சென்சாரைத் தள்ளித் தள்ளி இறுக்கினேன்.
உருவியபோது
உரசாமல் வந்தது நாணயம்.

தண்ணீர் கேனோடு வந்த பி பிளாக் சற்குணம்
மைல் மீட்டரா என்றார்.
இல்ல சார், கால் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து
சுத்துதுன்னு காட்டும்.
அது காலுக்கே தெரியாதா?
லிஃப்ட் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது.
கேள்வி மட்டும் என் பக்கத்தில் குந்திக்கொண்டது.

பிறகு ஒயர்.
குழாயின் அடிப்பக்கமாக, பெடல் தொடாத வழியில்,
ஒரு சாணுக்கு ஒரு டை.
நறுக்கிய வால் கெண்டைக்காலைக் கீறும்,
நகவெட்டியால் ஒட்ட வெட்டி முடிச்சைக் கீழே திருப்பினேன்.
மிஞ்சியதை வெட்ட மனமில்லை.
பிரேக் கேபிள்மேல் சுற்றினேன்,
ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல்,
நோட்டுக்கட்டுக்கு ரப்பர் பேண்ட் போடும் அதே விரல்களால்.

நாலு அடி தள்ளி நின்று பார்த்தால்
ஒயர் இருப்பதே தெரியவில்லை.
பெருமை தாங்கவில்லை எனக்கு.
சும்மா ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினேன்,
துணிக்கொடி மாதிரி விறைத்தது ஒயர்,
டிஸ்ப்ளே பிடியை விட்டுச் சரிந்தது.

நேராகப் போவதற்கு மட்டும் கட்டியிருக்கிறேன்.

நாலு டையை வெட்டி எறிந்தேன்.
கவுண்டரில் தப்பினால் கைக்காசு போகும்;
இங்கே நூறு டை எண்பது ரூபாய்,
பாக்கெட்டில் இன்னும் எண்பத்தைந்தாவது இருக்கும்.
கழுத்துப் பக்கம் ஒரு விரல் நுழையும் அளவுக்கு
ஒயரைத் தொங்க விட்டு
மறுபடி கட்டினேன்.
இப்போது கொஞ்சம் தெரிகிறது.
தெரியட்டும்.

திங்கள் விடியற்காலை, பாடி மேம்பாலம்.
58. 66. 71.
ஏற்றத்தில் 49 என்று காட்டுமுன்
முட்டி சொல்லிவிட்டது.
சற்குணம் சார் கேட்டது சரிதான்,
பாதி.
கியரைக் குறைத்தேன். 72.

இறங்கும் வளைவு.
இடப்பக்கம் திருப்பினேன், ஒயர் இழுக்கவில்லை.
காலை நிறுத்திவிட்டேன்.
பால் வண்டியை முந்துகிறேன்,
சட்டைக்குள் காற்று படபடக்கிறது,
டிஸ்ப்ளேயில் 0.

வங்கியில் இப்படி ஒரு பூஜ்யம் விழுந்தால்
இரவு ஒன்பது வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது.
பாலம் முடியும்வரை
அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டேன்.